வா வா என்ற கை

தம்பி,

இதை நீ கடைசி வரைக்கும் படிக்க வேண்டும். போனில் நான் நாலு வரிக்கு மேல் எழுதினால், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறவன் நீ. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் இதை உனக்கு அனுப்பப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். பதறாதே, யார் பெயரையும் போடவில்லை. பத்திரிகைக்கு ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். அதற்கு முன் மகனை உட்கார வைத்து நாலு புத்தி சொல்வது அம்மாவின் கடமையாம். சொல்வதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் செய்த ஒரு தப்புதான் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அப்பாவின் காரை வாங்க ஆள் வருகிறார், சாவியை நானே கோலாலம்பூரிலிருந்து கொண்டு வருகிறேன் என்று நீ செய்தி அனுப்பியிருந்தாய். அன்றிலிருந்து உன் அப்பா அந்த வெள்ளைக் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். ஓட்டக்கூடாது என்று நீ சாவியை எடுத்துப் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஒரு ஞாயிறு தவறாமல் கழுவி வந்தார். இந்த வாரம் என் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சக்கரத்து வளையத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். "யாருக்கோ போற காருக்கு ஏங்க இந்தப் பாடு?" என்று கேட்டேன். "வாங்கறவன் நம்மள ஏசக்கூடாது லா," என்றார். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தக் கார் விற்கப்பட்டால் அதற்குக் காரணம் அவர் கண் இல்லை, நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் என்னால் எதையும் நேராகச் சொல்ல முடியாது என்பது உனக்குத் தெரியும். ஸ்பெயினைச் சுற்றிக்கொண்டுதான் வருவேன்.

உன் கம்பெனி உன்னை ஆறு மாசத்துக்கு அங்கே அனுப்பியது நல்லதுதான். முடிந்து திரும்புவதற்கு முன்னால் எங்களையும் வரவழைத்து வாடகைக் காரில் ஊர் ஊராகக் காட்டினாய். எத்தனை பிள்ளைகள் செய்வார்கள்? நம் ஊர் செண்டாயான் முழுக்க நான் சொல்லி முடித்துவிட்டேன், இப்போது மந்தின் ஊர் வரைக்கும் போயிருக்கிறது. ஆனால் அந்தக் காரில் உன் அப்பாவை முன்னால் உட்கார வைத்தாய் பார், அங்கேதான் ஆரம்பித்தது வினை. அந்த நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம். வலது பக்கம் முன்சீட்டில் உட்கார்ந்தவர் நாற்பது வருஷமாக லாரி ஓட்டிய மனுஷன். அவர் உடம்பைப் பொறுத்தவரை அது டிரைவர் சீட். எதிரே ஸ்டியரிங் மட்டும் இல்லை. சிமெண்டு லாரி ஒன்று எதிரே வந்தபோது வலது காலால் தரையை மிதித்தார் பார், நான் பின்சீட்டில் முன்னால் சாய்ந்தேன். கார் நிற்கவில்லை, அவர் மிதித்த பிரேக்குக்கு நான் மட்டும் நின்றேன். நாளெல்லாம் அவர் மிதித்துக்கொண்டேதான் வந்தார். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது தரை விரிப்பில் பள்ளம் இருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்தேன்.

"அப்பா, காலைத் தூக்குங்கப்பா. நான்தானே ஓட்டுறேன்."

"நீ ஓட்டு. நான் ஒன்னும் சொல்லலயே. பெலான்-பெலான், மெல்லப் போ, அவ்வளவுதான்."

நானும் சும்மா வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். என் கவலை ரவுண்டபவுட், அந்த நாற்சந்தி வட்டம். நம் ஊரில் அதைச் சுற்றுவது கோயில் சுற்றுவது மாதிரி, நடுவில் இருப்பது நம் வலது கைப் பக்கம் வரும். அங்கே எல்லாமே தலைகீழ். இடமாகச் சுற்றுகிறார்கள். இடமாகச் சுற்றுவது எழவு வீட்டில் மட்டும்தான் என்று வளர்ந்தவள் நான். ஒவ்வொரு தடவை நீ வளைத்தபோதும் கண்ணை மூடி மாரியம்மாவைக் கூப்பிட்டேன். அந்த நாட்டில் தெருவுக்கு நாலு ரவுண்டபவுட் கட்டி வைத்திருக்கிறார்கள், எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. "இங்க எல்லாரும் இப்படித்தாம்மா சுத்துவாங்க," என்றாய். "அதான் பாவம், மத்தியானமானா கடைய மூடிட்டுப் படுத்துக்கறாங்க," என்றேன். நீ சிரித்தாய். அப்பா சிரிக்கவில்லை. அவர் தரையை மிதிப்பதில் மும்முரமாக இருந்தார்.

ஏழாம் நாள் அந்தச் சின்ன ஊருக்குப் போனோம். பெயர் என் வாயில் நுழையாது. மலைச்சரிவில் சுண்ணாம்பு அடித்த வீடுகள், வாசலுக்கு வாசல் பூந்தொட்டி. வருஷத்துக்கு ஒரு நாள் அவர்கள் மாதாவை ஊர்வலமாகக் கொண்டு போகிறார்கள் என்று உன்னுடன் வேலை செய்கிறவர்கள் சொல்லியிருந்தார்கள். காரை ஊருக்கு வெளியே ஒரு ஒலிவத் தோப்பு ஓரம் நிறுத்திவிட்டு நடந்தோம். வரிசை வரிசையாக மரம் நட்டிருப்பதைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகம் தெளிந்தது. "எஸ்டேட்டுதான் இது. வேலை வாங்குற மண்டோர் எங்க இருக்கான்னு கேளு," என்றார். ஊருக்குள் போனால் பெண்கள் அடுக்கடுக்காக மடிப்பு வைத்த பாவாடை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். காகிதப் பூ ஒட்டிய வண்டிகள், பெரிய வாத்தியக் கோஷ்டி, பொரித்த மாவு வாசனை. தெருவில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த நாட்டில் முதல் தடவையாக வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

மாதா இருந்த வண்டியை இழுத்தது ஒரு டிராக்டர். அதைப் பார்த்தவுடனே நான் உன் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தேன். கோலா சாவா பக்கம் நாம் இருந்த எஸ்டேட்டில் ஆடித் திருவிழாவுக்கு அம்மன் ரதத்தை இழுத்தது யார்? வருஷம் முழுக்க எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டரைக் கழுவி, மாவிலை கட்டி, அம்மன் மேலே ஒரு பூக்கூட உதிராமல் லயத்து வீடுகளைச் சுற்றிக் கொண்டு வந்தவர் அவர். நீ அவர் மடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்து, ஆபீஸ் கிராணி ஐயா வந்து சத்தம் போட்டதை மறந்திருக்க மாட்டாய்.

அந்த ஊர் வண்டி ஒரு முக்கில் மாட்டிக்கொண்டது. தெரு குறுகல், வண்டி நீளம். டிராக்டரில் இருந்தவர் பெரிய மீசைக்காரர், பாவம், வியர்த்து ஊற்றுகிறது. பின்னால் எடுத்தால் வண்டி ஒரு பக்கம் ஒடிந்துகொண்டு போய் யார் வீட்டுப் பூந்தொட்டியையோ உரசுகிறது, முன்னால் எடுத்தால் சுவர். இருபது பேர் சுற்றி நின்று இருபது கையைக் காட்டுகிறார்கள். உன் அப்பாவின் கை தானாக ஆட ஆரம்பித்தது. "எதிர்ப்பக்கம் ஒடிக்கணும்... எதிர்ப்பக்கம்... ஐயோ, இவன் ஏன் இப்படிப் பண்றான்..." என்று முனகினார். பிறகு என் பக்கத்தில் அவர் இல்லை.

நீ பின்னாலேயே ஓடினாய். "அப்பா! வேணாம்பா! லைசென்ஸ் இல்ல, இன்சூரன்ஸ் இல்ல! போலீஸ் பிடிச்சா என் விசா போயிரும்!" அவர் காதில் விழவில்லை. மீசைக்காரரின் முழங்காலைத் தட்டி, "மாப், பங். போலே சாயா?" என்று மன்னிப்புச் சொல்லி, தான் ஓட்டலாமா என்று கேட்டார். தமிழர் இல்லாத எவரைப் பார்த்தாலும் மலாயில் பேசுவதுதான் அவர் பழக்கம். அந்த மனிதருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் ஒரு டிரைவர் முகத்தை இன்னொரு டிரைவருக்குத் தெரியாதா? இறங்கி இடம் கொடுத்துவிட்டார். அப்பா ஏறி உட்கார்ந்தார். டிராக்டரில் ஸ்டியரிங் நடுவில் இருக்கிறது. இடமா வலமா என்ற வழக்கே இல்லை. ஏழு நாளாக எனக்குக் காணாமல் போயிருந்த மனுஷன் அந்தச் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்.

இருபது பேரையும் பார்த்துக் கையை இறக்கச் சொன்னார். இறக்கினார்கள். "பின்னால ஒரு கைதான் இருக்கணும்," என்றார். திரும்பி உன்னைப் பார்க்கவில்லை, தம்பி. என்னைப் பார்த்தார். "வா புள்ள. போய்ப் பின்னால நில்லு."

இந்த இடத்தில்தான் நான் செண்டாயானுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. அடுத்த வீட்டு கேட் தூணை அப்பா இடித்தாரே, அந்த நாள். நீ சாவியை எடுத்ததே அதனால்தான். அன்றும் காரைப் பின்னால் எடுக்கும்போது நான்தான் நின்று கை காட்டினேன். வா வா வா என்று நன்றாகத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து, மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன கதையை ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வீட்டார் கேசரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். எப்படிக் கேட்காமல் இருப்பது? முகம் அவள் பக்கம் திரும்பிவிட்டது. வாய் அவளோடு, கை மட்டும் அப்பாவோடு. கை நிற்கவே இல்லை, தம்பி. வா வா என்று ஆடிக்கொண்டே இருந்தது. அவர் அந்தக் கையை நம்பி வந்தார். தூண் சாய்ந்து, பின் விளக்கு நொறுங்கிய சத்தத்தில்தான் திரும்பினேன்.

அவர் இறங்கி வந்து தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தெருவே கூடிவிட்டது. எனக்கு வெட்கம். வெட்கம் வந்தால் எனக்குக் குரல் உயரும் என்று உனக்குத் தெரியும். "கண்ணு தெரியலயா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் குனிந்தார். உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். சாயங்காலம் நீ போன் செய்து என்னம்மா நடந்தது என்று கேட்டபோது, "அப்பாவுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லப்பா," என்று சொன்னேன். அப்படித்தான் வாயில் வந்தது. அந்த வாரமே நீ வந்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாய். சிரம்பானில் கண் டாக்டர் பார்த்து, கண்ணாடி போட்டால் தாராளமாக ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்த தாள் அலமாரியில் இருக்கிறது. அதைக் காட்டியபோது, "வயசாச்சும்மா, ரிஸ்க் வேணாம்," என்றாய். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சாம்பாருக்குப் பருப்பு வைக்கப் போய்விட்டேன்.

இப்போது நீயே யோசி. அவர் தூணை ஏன் இடித்தார்? என் கை வா என்று சொன்னது காரின் பக்கக் கண்ணாடியில் தெரிந்ததால் இடித்தார். கண் தெரியாதவராக இருந்திருந்தால் அன்று தூண் பிழைத்திருக்கும்.

அப்படிப்பட்ட என்னை, அத்தனை பேர் நடுவில், மாதாவை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். நான் போய் நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மாள் என் சேலையைத் தொட்டு என்னவோ கேட்டாள், நான் திரும்பவில்லை. வாத்தியம் வாசித்தார்கள், திரும்பவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன். "வாங்க, வாங்க, இன்னும், பின்னால, கோஸ்தான், கோஸ்தான்..." என்று லாரி கிளீனர் மாதிரி கத்தினேன். வண்டி நூல் பிடித்த மாதிரி பின்னால் வந்தது. திடீரென்று நின்றது. நான் நிற்கச் சொல்லவில்லை. இன்னும் மூன்று அடி இடம் இருந்தது. "ஏங்க நிறுத்திட்டீங்க?" என்றேன். அப்பா தலையை வெளியே நீட்டி, "கீழ பாரு, பூனை," என்றார். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சாம்பல் பூனை சாவகாசமாகக் காலை நக்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நிற்கும் எனக்குத் தெரியவில்லை. அத்தனை தூரத்திலிருந்து அவருக்குத் தெரிந்தது.

பூனையை விரட்டினேன். வண்டி முக்கைத் தாண்டியது. அந்த ஊர் கைதட்டியதைக் கேட்டாயே! அதோடு இறங்கியிருந்தால் கதை சுபம். ஆனால் டிராக்டரில் உட்கார்ந்து, முன்னால் வாத்தியம், பின்னால் சாமி என்றால் உன் அப்பா இறங்குவாரா? அப்படியே ஓட்டினார். தெரு முடிந்து, நடுவில் நீரூற்று வைத்த சதுக்கம் வந்தது. முன்னால் போன வாத்தியக்காரர்கள் அவர்கள் வழக்கப்படி வலது கைப் பக்கம் திரும்பிப் போனார்கள். அப்பா நம் வழக்கப்படி இடது பக்கம் ஒடித்தார். மாதா நீரூற்றை வலமாகச் சுற்ற ஆரம்பித்தாள். பின்னால் வந்த பாவாடைக்காரப் பெண்கள், பூ வண்டிகள், குதிரைகள், பாதிரியார், எல்லாரும் மாதா போகும் வழிதான் வழி என்று பின்னாலேயே வந்தார்கள். நீரூற்றின் அந்தப் பக்கத்தில் வாத்தியக் கோஷ்டியும் மாதாவும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றார்கள். பெரிய டிரம் வைத்திருந்தவர் அடிக்கத் தூக்கிய கோலைக் கீழே இறக்க மறந்துவிட்டார்.

அம்மா, நீ பின்னால்தானே இருந்தாய், கவனிக்கவில்லையா என்று கேட்பாய். கவனித்தேன். எனக்குச் சரியாகப் பட்டது. ஏழு நாளில் முதல் தடவையாக ஒன்றை வலமாகச் சுற்றுகிறோம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நடந்தேன்.

எல்லாரும் டிராக்டரையே பார்த்தார்கள். "சாமி வலமாத்தானே சுத்தணும்?" என்று அப்பா பொதுவாகக் கேட்டார், தமிழில். திருவிழாவுக்குத் தலைவி போல, சிவப்புத் துண்டு போட்ட ஒரு பெரிய அம்மாள் இருந்தாளே, அவள் இடுப்பில் கை வைத்து அப்பாவைப் பார்த்தாள், மாதாவைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள் பார், நீரூற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாத்தியக்காரர்களைத் திரும்பச் சொல்லிக் கையைச் சுழற்றினாள். அவர்கள் திரும்பி, முன்னால் நடந்து, வலமாக முழுச் சுற்று வந்தார்கள். முடிந்ததும் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அப்பாவின் கழுத்தில் போட்டாள். விமான நிலையம் வரைக்கும் அவர் அதைக் கழற்றவில்லை.

ஆனால் திரும்பி வரும்போது காரில் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். "பாத்தீங்களாப்பா? பழக்கம் விடல. இதுக்குத்தான் நான் சொன்னேன். ஊருக்குப் போனதும் அந்தக் கார வித்துடுவோம்." அப்பா, "சரிப்பா," என்றார். அதற்கப்புறம் நகரம் வரும் வரைக்கும் அவர் தரையை மிதிக்கவில்லை. காலை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டார். பின்சீட்டில் இருந்த எனக்கு அது தெரிந்தது. தூண் கதையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. நான் பையைத் திறந்து, ரொட்டி வேணுமா, நெத்திலிச் சம்பல் தடவித் தரவா என்று கேட்டேன்.

எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான், தம்பி. தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் சொல்லக் கூச்சமாக இருக்கும், ஒரு வருஷம் தள்ளினால் பத்திரிகைக்கு எழுத வேண்டியிருக்கும். உன் பெண்டாட்டி பின்னால் நின்று வா வா என்று கை காட்டினால் அந்தக் கையை நம்பு, கண்ணாடியில் அவள் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பார். இடித்துவிட்டால், அத்தனை பேர் நடுவில் உன் அப்பா வாயைத் திறக்காமல் கண்ணாடி பொறுக்கினாரே, அப்படி இரு. அவருக்கு என் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வருஷமாக ஒரு தடவைகூட அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நானாக இருந்தால் தினமும் காலை ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை வா. சாவியைக் கொண்டு வா, ஆளைக் கூட்டி வராதே. கண் டாக்டரிடம் இன்னொரு தடவை அழைத்துப் போக வேண்டும் என்றால் போவோம், வருஷா வருஷம் வேண்டுமானாலும் போவோம். டாக்டர் வேண்டாம் என்று சொல்கிற அன்று நானே சாவியை வாங்கி உன் கையில் கொடுப்பேன். கல்யாணத்தன்று உன்னை ரந்தாவ் கோயிலுக்கு அழைத்துப் போக யாரிடமோ பெரிய கார் பேசியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அதை வேண்டாம் என்று சொல். அப்பாவிடம் நீயே போய்க் கேள். வெள்ளைக் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து போ. எது எப்படி இருந்தாலும் தரையை மிதிக்காதே.

பத்திரிகைக்கு ஏன் என்று சொல்கிறேன் என்றேனே. உன் அப்பா போனில் எதையும் படிக்க மாட்டார், நான் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை மட்டும் மரண அறிவித்தல் முதல் ராசிபலன் வரைக்கும் ஒரு வரி விடாமல் படிப்பார். ஆகவே கடைசி நாலு வரி உனக்கு இல்லை.

ஏங்க, இந்தப் பக்கத்துக்கு வந்துட்டீங்களா? தூணை இடிச்சது நீங்க இல்ல, என் கைதான். தெருவுல வச்சு உங்களப் பாத்துக் கத்துனேன், அதனால ஊருக்கே தெரியற மாதிரி இங்க சொல்றேன். சாவி மாட்டுற ஆணியில நீங்க தொங்கவிட்ட அந்தச் சிவப்புத் துண்டைக் காலையில எடுத்துச் சாமி மேடையில மடிச்சு வச்சுட்டேன். ஆணி காலியா இருக்கு. சனிக்கிழமை நீங்க காரை வெளியே எடுக்கும்போது பின்னால நான்தான் நிப்பேன். வாயை மூடிக்கிட்டு.